பதினான்காவது மாடியில் ஒரு காற்றுப் படகு

நாங்கள் இருப்பது பினாங்கின் ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றடைக்கும் படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் போட்டிருக்கிற ஆள் கணக்கைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், நானும் முதல் படகை அப்படித்தான் வாங்கினேன். இப்போது இரண்டாவது படகை இரண்டு வருடம் வைத்திருந்த பிறகு சொல்கிறேன்: தூக்குவது, கழுவுவது, காயவைப்பது, இந்த மூன்றும் உங்கள் வீட்டில் நடக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

முதல் படகு இணையத்தில் 390 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கியது, நான்கு பேர் போகலாம் என்று போட்டிருந்தது. நானும் வீட்டுக்காரரும் பன்னிரண்டு வயது மகளும் ஏறியதுமே துடுப்பு வீச இடம் பத்தவில்லை, முழங்கை ஒருவர் மேல் ஒருவருக்கு இடித்தது. அந்த எண்ணிக்கை, படகு எவ்வளவு எடை தாங்கும் என்பதை வைத்துப் போடுவது. ஐஸ் பெட்டி, தண்ணீர், தூண்டில் எல்லாம் ஏற்றிக்கொண்டு காலை நீட்டி உட்கார வேண்டுமானால் போட்டிருக்கும் கணக்கில் பாதிதான். அது மட்டுமில்லை, அது உள்ளே துணி இழை எதுவும் இல்லாத வெறும் வினைல். அமைதியான குளத்துக்குப் போதும், கிளிஞ்சலும் பாறையுமாக இருக்கிற நம் கரைக்குப் போதாது. அடிப்பக்கம் தட்டை என்பதால் துடுப்பை நிறுத்திய மறுகணம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். ஆனாலும் என் மகள் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டது அதில்தான், அந்த நன்றி எனக்கு உண்டு.

அந்தப் படகு கெட்டுப்போனது தஞ்சோங் பூங்கா கடற்கரையில். காலை எட்டு மணிக்குக் கல் மாதிரி இறுக்கமாகக் காற்றடித்தோம், பத்தரைக்குக் கரையேற்றி மணலில் வைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வந்தால் ஒரு பக்கத்து ஒட்டு ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது. விற்றவனைத் திட்டினேன், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வெயில் என்ன செய்யும் என்று புரிந்தது. துணி வைத்த பிவிசி படகுகளுக்கு 0.25 பார் (காற்றழுத்த அளவு) வரை காற்றடிக்கச் சொல்வார்கள். காலை 28 டிகிரியில் அந்த அளவுக்கு அடித்த படகு, வெயிலில் கிடந்து 50 டிகிரியைத் தொட்டால் உள்ளே ஏறத்தாழ 0.34 ஆகிவிடும். வெறும் வினைல் படகு தாங்கும் அழுத்தம் இதைவிட எவ்வளவோ குறைவு, அதை முழுக்க ஊதி வெயிலில் போட்டால் எங்கே பலவீனமோ அங்கே பிரியும். அதனால் கரைக்கு வந்ததும் எல்லா வால்வையும் ஒரு தடவை அமுக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடுங்கள். மறுபடி தண்ணீரில் இறக்கினால் படகு குளிர்ந்து தளரும், பத்து நிமிடம் கழித்து நாலு அடி அடித்துக்கொள்ளலாம். பம்பு எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது படகை இணையத்தில் வாங்கவில்லை. பாலம் தாண்டிப் போய், பட்டர்வொர்த் பக்கம் மீன்பிடி சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் வாங்கினேன், 2,800 வெள்ளி. கடைக்காரர் வயதான சீனர், அவசரப்படுத்தவே இல்லை. படகை முழுக்க ஊதி ஒரு நாள் அப்படியே வைத்துவிடுங்கள், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். சரி என்று கடை வாசலையே அடைத்துக்கொண்டு வைத்திருந்தார். மறுநாள் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், முதல் நாள் மாதிரியே இறுக்கமாக இருந்தது. எந்தக் கடையாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

படகு 2.7 மீட்டர் நீளம், 0.9 மில்லிமீட்டர் தடிமனில் பாலியெஸ்டர் இழை வைத்த பிவிசி. பக்கக் குழாய் மூன்று அறைகள், ஒன்று கிழிந்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். அடியில் காற்றடிக்கிற நடுமுதுகு ஒன்று உண்டு, அதனால்தான் இது நேராகப் போகிறது. வாங்கும்போது நான் அதிக நேரம் பார்த்தது ஒட்டு ஓரங்களைத்தான். பசையால் ஒட்டியவை இருக்கின்றன, சூட்டில் உருக்கி இணைத்தவை இருக்கின்றன. நம் ஊர் வெயிலில் பசை வருடா வருடம் தளரும், அதனால் உருக்கி இணைத்ததைத்தான் எடுத்தேன். ஹைபலான் என்ற செயற்கை ரப்பரில் செய்த படகு நல்லது என்று பலர் சொல்வார்கள், உண்மைதான், வெயிலை அது பிவிசியைவிட நன்றாகத் தாங்கும். டூபாண்ட் நிறுவனம் அந்தப் பெயரில் செய்வதை 2010இல் நிறுத்திவிட்டது, இப்போது வேறு நிறுவனங்கள் அதே வகை ரப்பரைச் செய்கின்றன. வருடம் முழுக்க வெளியிலேயே கிடக்கப் போகிற படகு என்றால் அந்தக் காசு நியாயம். என் படகு கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது, எனக்கு அது தேவைப்படவில்லை.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மரப்பலகை அல்லது அலுமினியத் தரை என்றால் உறுதி, எழுந்து நின்று தூண்டில் வீசலாம், ஆனால் எடை கூடும், மாட்டுவதற்குள் விரல் நசுங்கும். குறுக்குச் சட்டம் மட்டும் வைத்தது மலிவு, நடந்தால் கால் புதையும். நான் எடுத்தது காற்றுத் தரை. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் 0.7 பார் அடித்ததும் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த 0.7க்குக் கால் பம்பு உதவாது. கைப் பம்பில் அழுத்திச் செய்ய வேண்டும், கடைசி முப்பது அடிக்கு என் உடம்பு எடை முழுவதும் கைப்பிடி மேல்தான் இருக்கும். ஆனால் சுருட்டினால் மைவி காரின் பின் சீட்டை மடித்துப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். லிஃப்டில் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி நான் ஒருத்தியே கீழே கொண்டுபோகிறேன். மொத்தம் முப்பது கிலோ, தரையைத் தனியாக எடுத்தால் இரண்டு நடை. இதைவிட முப்பது சென்டிமீட்டர் நீளமான படகு அதே கடையில் இருந்தது, அழகாகவும் இருந்தது. அதை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

காற்றடிக்கும்போது ஒரு அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் பாதி பாதி நிரப்பி, பிறகு ஒரு சுற்று முழுதாக நிரப்புங்கள், இல்லையென்றால் அறைகளுக்கு நடுவில் இருக்கிற தடுப்புத் துணி ஒரு பக்கமாக இழுபடும்.

நாங்கள் இறங்குவது பெரும்பாலும் தெலுக் பாஹாங்கில். அங்கிருந்து கரையை ஒட்டியே மங்கி பீச் வரை துடுப்புப் போடுவோம், அதைத் தாண்டி மேலே மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883இல் கட்டியது. பத்து பெரிங்கியில் வார இறுதியில் இறங்குவதே இல்லை, ஜெட் ஸ்கீக்கும் பாராசூட் இழுக்கிற படகுக்கும் நடுவில் துடுப்புப் படகுக்கு வேலை இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றினால் கடல் வெகு தூரம் பின்வாங்கிவிடும், முப்பது கிலோவை முழங்கால் சேற்றில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு தடவை அப்படி இழுத்தோம், என் மகளின் செருப்பு ஒன்று இன்னும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. இப்போது நீரேற்ற அட்டவணையைப் பார்க்காமல் காரில் ஏறுவதில்லை.

போன வருடம் ஜூன் மாதம், விடிந்தும் விடியாமல் படகை ஊதிக்கொண்டிருந்தேன். மீன்பிடித் துறையிலிருந்து ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், வந்து நின்றார். மேற்கே கையைக் காட்டினார், கடலும் வானமும் சேருகிற இடத்தில் மசி பூசிய மாதிரி ஒரு கோடு. 'அடிக் (தங்கச்சி), சுமத்ரா வருது, இறங்காதே' என்றார், அவ்வளவுதான். சுமத்ரா என்பது அந்தப் பக்கமிருந்து திடீரென்று அடிக்கிற புயல்காற்று. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் பெரியவர் சொல்கிறாரே என்று நின்றோம். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, அடித்த காற்றில் ஊதி வைத்த படகு மணலில் தானே உருண்டது, வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் தண்ணீரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதிகாலையில் வரக்கூடிய காற்று அது. இந்த மாதிரிப் படகு தண்ணீருக்கு மேல் இலை மாதிரி மிதப்பது, காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஜெயிக்க முடியாது. அந்தப் பாக்சிக்குக்கு அடுத்த வாரம் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உயிர்காப்பு அங்கி மூவருக்கும் உண்டு, மகளுடையது கால் நடுவே வார் போட்டது, இல்லாவிட்டால் தண்ணீரில் விழும்போது அங்கி மேலே ஏறிக் கழன்றுவிடும். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, அதனால் கொட்டினால் ஊற்றப் பையில் ஒரு போத்தல் வினிகரும் இருக்கும்.

மோட்டார் பற்றிக் கேட்பீர்கள். மின்சார மோட்டார் ஒன்று வாங்கினோம், 12 வோல்ட். முழு வேகத்தில் 36 ஆம்பியர் இழுக்கிறது, 100 ஆம்பியர் மணி பேட்டரியில் கணக்குப்படி மூன்று மணி நேரம்கூட வராது. ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, அது முப்பது கிலோ வேறு, படகு எடையே இரண்டு மடங்காகிவிடும். லித்தியத்துக்கு மாறினோம், பன்னிரண்டு கிலோ, விலை வலித்தது, ஆனால் முதுகு தப்பியது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் போகும், நீரோட்டம் எதிரே வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால் ஜெரெஜாக் தீவுப் பக்கம் கொண்டுபோகவில்லை. மோட்டார் மாட்டுவதற்கு முன்னால் ஜாபாத்தான் லாவுட்டில் (கடல்துறை அலுவலகம்) பதிவு விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒட்டு போடுவது. மங்கி பீச் பாறையில் உரசி வலது குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தது. படகை ஊதி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பாஞ்சால் தடவிக்கொண்டே போனேன், ஒரு இடத்தில் எறும்பு முட்டை அளவுக்குக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பென்சிலால் வட்டம் போட்டேன். பால்கனியில் உட்கார்ந்து ஒட்டினேன், மழைக்கால மாலை, காற்றெல்லாம் ஈரம். இரண்டு வாரத்தில் ஓரம் உரிந்து வந்துவிட்டது. இரண்டு பாகம் கலக்கிற அந்தப் பசைக்கு ஈரக் காற்றே ஆகாது. இரண்டாவது தடவை படுக்கையறையில் ஏர்கானை உலர் நிலையில் போட்டு, கதவைச் சாத்தி, இரண்டு மணி நேரம் அறையைக் காயவிட்டேன். பழைய பசையைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, ஒட்டுப் போடுகிற பிவிசி துண்டிலும் படகிலும் மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் முடி உலர்த்தியால் சூடுகாட்டி ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. துண்டு ஓட்டையிலிருந்து எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். பதினோரு மாதம் ஆகிறது, அசையவில்லை.

கழுவுவதற்குக் கீழே கார் கழுவும் இடத்துக் குழாயைப் பாதுகாவலர் அனுமதியோடு பயன்படுத்துகிறோம். தரைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் விரலை விட்டு மணலை எடுங்கள், அங்கே தங்குகிற மணல் உப்புக்காகிதம் மாதிரி உள்ளிருந்தே தேய்க்கும். அப்புறம் மேலே கொண்டுபோய்ப் பாதி ஊதி, பால்கனியில் நிறுத்தி வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் துணி காயப்போட இடம் இருக்காது.