கெட்டுப்போன எக்செல் ஃபைல்: எனக்குக் கைகொடுத்தவை

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கரண்ட் போவது, பென் டிரைவை அவசரத்தில் பிடுங்குவது, இந்த இரண்டாலேயே வருடத்துக்கு ஒரு எக்செல் ஃபைலாவது கெட்டுவிடும்.

முதல் வேலை, கெட்ட ஃபைலை நகல் எடுத்துவிடுவேன். அப்புறம் எக்செலில் ‘ஓப்பன்’ பொத்தானை ஒட்டியுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தி, ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’. பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் அங்கேயே ‘எக்ஸ்ட்ராக்ட் டேட்டா’ இருக்கிறது. ஃபார்முலா போனாலும் தொகை வந்துவிடும், அது போதும். அடுத்தது லிப்ரே ஆபீஸ் கால்க், எக்செல் மாதிரியே இன்னொரு மென்பொருள். எக்செல் திறக்க மறுத்த ஃபைலை இது திறந்ததை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். இலவசம் வேறு.

2020 பிப்ரவரியில் விவசாயிகளின் பாக்கிப் பட்டியல் கெட்டபோது இவை எதுவும் உதவவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல சின்ன ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. எக்செல் 2007இலிருந்து அப்படித்தான். ஜிப் பிரிக்கும் மென்பொருளான செவன் ஜிப்பில் திறந்து, ‘ஒர்க்‌ஷீட்ஸ்’ ஃபோல்டரில் இருந்த ஷீட்டை நோட்பேடில் பார்த்தேன். தொகையெல்லாம் அப்படியே இருந்தது! தேதி இருக்க வேண்டிய இடத்தில் 43556 என்று கிடந்தது. 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எக்செல் நாளை எண்ணுகிறது. அந்த எண் 2019 ஏப்ரல் 1.

பெயர்களைத்தான் காணோம். எழுத்தெல்லாம் ‘ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ்’ என்ற தனி ஃபைலில் மொத்தமாக இருக்கும். செல்லில் அதன் வரிசை எண் மட்டும், அதுவும் 0இலிருந்து. அடிபட்டது அந்த ஃபைல்தான். உடைந்த இடம் வரைக்கும் பெயர்கள் கிடைத்தன. எண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். இரண்டு நாள் ஆனது.

பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) ஃபைலுக்கு இந்த வழி ஒத்துவராது, அது ஜிப் அல்ல. பூஜ்ஜியம் கேபி என்று காட்டினால் உள்ளே எடுக்க ஒன்றுமில்லை. ஒருமுறை காசு கொடுத்து ஒரு மீட்பு மென்பொருளும் வாங்கினேன். ‘எக்ஸ்ட்ராக்ட் டேட்டா’ தந்ததற்கு மேல் ஒரு வரிகூட அது தரவில்லை. வாங்காதீர்கள் என்றே சொல்வேன். எக்செல் தானாகவே நகல் சேமித்து வைக்கும் ‘ஆட்டோ ரெக்கவர்’ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருக்கும், அதை இரண்டு நிமிடமாக மாற்றிவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் பெயர் கிடைக்காத வரிகளை, விவசாயிகள் பத்திரமாக வைத்திருந்த மண்டிச் சீட்டை வாங்கிப் பார்த்துத்தான் நிரப்பினேன்.