சாயா மாத்திரை: வாரத்துக்கு ஒன்று, காசு கிடையாது

குழந்தை பிறந்த பிறகு எனக்குக் காப்பர் டி போட்டுக்கொள்ள மனசில்லை. தாய்ப்பால் கொடுப்பதால் தினமும் போடும் மாலா-என் ஹார்மோன் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் நர்ஸ் அக்கா சாயா என்ற கருத்தடை மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார். அட்டைக்கு எட்டு மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்துக்கடையில் சகேலி என்ற பெயரில் கிடைப்பதும் இதே மருந்துதான், 30 மி.கி. ஆர்மெலாக்சிஃபீன்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் ஞாயிறும் புதனும் போட வேண்டும், மூன்று மாதம் முடிந்ததும் ஞாயிறு மட்டும் போதும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன், மறக்கவில்லை. கைக்குழந்தையோடு தினமும் ஒரு மாத்திரையை ஞாபகம் வைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

இது லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன்கள் எதுவும் இதில் இல்லை. சினைமுட்டை வழக்கம்போல வெளிவரும், ஆனால் கருப்பையின் உட்சுவரில் கரு ஒட்டாது. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எனோவிட் என்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு இருந்தது. அதை 1956 முதல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் சோதித்தபோது குமட்டல், தலைசுற்றல் என்று அவர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் நாட்டிலும் 1965-ல் கருப்பைக்குள் வைக்கும் லூப் என்ற கருத்தடைச் சாதனத்தை அவசர அவசரமாகப் போட்டுவிட்டார்கள், ரத்தப்போக்கு என்று வந்த பெண்களைச் சரியாகக் கவனிக்க ஆளில்லாமல் அந்தத் திட்டத்துக்கே பெயர் கெட்டது.

பெண்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று கவனிக்காத அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதுதான் என் வருத்தம். சாயா போட ஆரம்பித்த புதிதில் மாதவிடாய் தள்ளிப்போகும், இது பலருக்கும் வருவது, போகப்போகச் சரியாகும். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. மறுபடி உண்டாகிவிட்டதோ என்று பயந்து, பரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்து, தூக்கம் கெட்டுப்போனது. அட்டையை நீட்டும்போதே சொல்லியிருந்தால் இத்தனை பாடு இல்லை. பாதியில் நிறுத்துகிற பெண்களைக் குறை சொல்வதில் எந்த நியாயமும் கிடையாது.

மற்றபடி எனக்கு வாந்தி, தலைவலி எதுவும் இல்லை, தாராளமாகப் பரிந்துரைப்பேன். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பவர்கள், சமீபத்தில் மஞ்சள்காமாலை வந்தவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் போடக்கூடாது, டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். ஒரு மாத்திரை தவறினால் ஞாபகம் வந்ததும் போட்டுவிட்டு, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் பயன்படுத்துங்கள். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு என்று தொடங்க வேண்டும்.