அரிசி டிரம்முக்குள் ஓர் ஓட்டைக் குழாய்

செம்பூரில் இருக்கிறோம், அரிசி மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 25 கிலோ மூட்டையாக வரும். மழை தொடங்கி ரெண்டு வாரம் ஆனால் போதும், அள்ளும்போதே விரலிடுக்கில் வண்டு ஊரும். ஊர் என்றால் மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயப்போடலாம், மும்பை ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. ஒரு தானியக் கடையில் மாத்திரை வைக்கச் சொன்னார்கள். அது அலுமினியம் பாஸ்பைடு, ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும், ஆளையே கொல்லும். பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் அதை வைக்கவே கூடாது, தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

அப்புறம்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறியை வரவழைத்தேன். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள், அடியில் கழற்றக்கூடிய கூம்பு, அவ்வளவுதான். மருந்து கிடையாது, கரண்ட் வேண்டாம். மேல்மூடி அரிசி மட்டத்துக்கு வருகிற மாதிரி நட்டு வைக்க வேண்டும். வண்டு காற்றோட்டத்தைத் தேடிப் போகிற ஜாதி, ஓட்டைக்குள் நுழைந்தால் வழுக்கிக் கூம்பில் விழும், திரும்ப ஏற முடியாது.

ராத்திரி வைத்தேன், காலையில் கூம்பைக் கழற்றித் தட்டில் தட்டினால் பதினேழு. அசையாமல் கிடந்தன, செத்துவிட்டது என்று நினைத்து நான் குனிந்து பார்க்கும்போதே ஒன்று மெல்லக் காலை நீட்டி, அந்த நீள மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. முதுகில் நாலு மங்கலான செம்புள்ளி. அரிசி வண்டேதான்.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது வளர்ந்த வண்டை மட்டுமே பிடிக்கும். முட்டையும் புழுவும் அரிசி மணிக்கு உள்ளேயே இருக்கும், ஒரு மாதம் போல ஆகி வண்டாகத்தான் வெளியே வரும். அதனால் நாலு நாளில் எடுத்து வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். எனக்குப் பத்து நாளில் ஐந்தாறாகக் குறைந்தது, ஆனால் பூஜ்யம் ஆக ஆறு வாரம் பிடித்தது. 25 கிலோவுக்கு ரெண்டு மூன்று குழாய் வேண்டும், ஒன்று போதாது. ரவை, மாவில் வைத்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், அதையெல்லாம் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்துவிடுகிறேன்.

அடுத்த மூட்டை வந்த அன்றைக்கே, வண்டு கண்ணில் படுவதற்கு முன்பே மூன்று குழாயையும் நட்டுவிட்டேன். அம்மாவுக்கும் ரெண்டு அனுப்பியிருக்கிறேன், உளுந்து டின்னுக்கு.