மை கோளாறு: கார்ட்ரிட்ஜா, டேங்கா?

பிரிண்டரில் மை பிழை வந்தால், சரிசெய்யச் சுலபமானது கார்ட்ரிட்ஜ் வகைதான். எச்பி 680 போன்றவற்றில் மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கழற்றி, செப்பு நிறப் புள்ளிகளை லேசாக நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். பிழை போகவில்லையா, புது கார்ட்ரிட்ஜ், ஹெட்டும் புதிதாகிவிடும். பர்ஸுக்குத்தான் வலி!

எப்சன் எல்3250 மாதிரி டேங்க் பிரிண்டரில் மை மலிவு. ஆனால் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. முதலில் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) அச்சிட்டு, எந்த நிறத்தில் கோடு விடுபடுகிறது என்று பாருங்கள். அப்புறம் ஹெட் கிளீனிங், அதாவது பிரிண்டரே மையை இழுத்து ஹெட்டைச் சுத்தம் செய்யும் வசதி. அதையே விடாமல் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுக்கும் மை உள்ளே இருக்கும் கழிவு மை பேடில் (மையை உறிஞ்சும் பஞ்சு) சேரும். அது நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போனால் ஓரிரவு சும்மா விட்டுப் பார்ப்பது மேல்.

எப்போதாவது அச்சிடுபவருக்கு என் ஓட்டு கார்ட்ரிட்ஜுக்கே.