ஒப்புதல் கொடுத்த விலை எது? நோ-கோட் மென்பொருளில் நான்கு ஆண்டுக் கொள்முதல் அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். நூல், ஜிப், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி என மாதந்தோறும் ஏறத்தாழ 300 இன்டென்டுகள் (பொருள் வாங்கித் தரக் கேட்கும் கோரிக்கைகள்) எங்கள் மேசைக்கு வருகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை இவை கார்பன் தாள் வைத்த புத்தகத்திலும், ஓர் எக்செல் கோப்பிலும், முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'ஓகே'யிலும் நடந்துகொண்டிருந்தன. எந்த 'ஓகே' எந்த இன்டென்டுக்கு உரியது என்று சில மாதங்கள் கழித்துத் தணிக்கையாளர் கேட்டால் எங்களிடம் பதில் இருக்காது. அதனால்தான் நிரல் எழுதத் தெரியாதவர்களும் அட்டவணைகளையும் ஒப்புதல் படிநிலைகளையும் அமைத்துக்கொள்ளக்கூடிய 'நோ-கோட்' மென்பொருளுக்கு மாறினோம். ஸோஹோ கிரியேட்டர், ஏர்டேபிள், ஆப்ஷீட் என இவ்வகையில் பல உள்ளன. நான் எழுதப்போவது எதை எடுத்தாலும் எதிர்ப்படக்கூடிய விஷயங்கள் என்பதால், நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் ஆறு மாதங்களை நாங்கள் வீணாக்கினோம். பழைய எக்செல் கோப்பை அப்படியே ஏற்றி, 40 நெடுவரிசைகள் கொண்ட ஒரே அட்டவணையாக வைத்திருந்ததுதான் காரணம். ஒரே சப்ளையரின் பெயர் நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்ததால், அவருக்கு மொத்தம் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்விக்கே விடை கிடைக்கவில்லை. பிறகு சப்ளையர், பொருள், இன்டென்ட், இன்டென்டின் வரிகள், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு என்று ஆறு அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றையொன்று இணைத்தோம். சப்ளையரை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொண்டோம். அந்த 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஒரே நிறுவனம் இரண்டு மாநிலங்களில் பதிவு செய்திருந்தால் ஜிஎஸ்டி எண்கள் வேறுபடும், பான் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அந்தப் பத்து எழுத்துகளைத் தனியே பிரித்தெடுக்கும் ஒரு சூத்திரத்தை எழுதினோம். இரட்டைப் பதிவுகள் அன்றோடு நின்றன.

இந்தப் பிரிப்பின் பலனை 2024-இல் முழுமையாக உணர்ந்தேன். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டியதாயிற்று. தவறினால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். சப்ளையர் அட்டவணையில் உத்யம் வகை (குறு, சிறு என்ற அரசுப் பதிவு வகை), ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து, சரக்கு வரவுத் தேதியிலிருந்து கெடு நாளைக் கணக்கிடும்படி அமைத்தோம். ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது. ஒரே அட்டவணையாக இருந்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் கையால் நிரப்பியிருக்க வேண்டும்.

ஒப்புதல் படிநிலையைப் பொறுத்தவரை, படம் வரைவது போல இழுத்துப் போட்டு அமைப்பது எளிது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு பட்டன் ஆர்டர், குரோஸ் (144 பட்டன்) 180 ரூபாய் என்ற விலையில் மேலாளரின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பில் வந்தபோது அதே ஆர்டரைத் திறந்தேன். 195 என்று காட்டியது. பக்கத்தில் மேலாளரின் ஒப்புதல் பச்சை நிறத்தில் அப்படியே இருந்தது. யாரும் ஆர்டரைத் தொடவில்லை. இடையில் பொருள் அட்டவணையில் விலையைப் புதுப்பித்திருந்தோம். ஆர்டரில் இருந்த விலைப்புலமோ அங்கிருந்து நேரடியாக எடுத்துக் காட்டும் லுக்அப் புலம். மேலாளர் பார்க்காத ஒரு தொகைக்கு அவருடைய பெயர் சாட்சியாக நின்றது. அன்று எனக்கு ஏற்பட்ட பதற்றம் இன்னும் நினைவிருக்கிறது, ஏனெனில் அதற்கு முன் எத்தனை ஆர்டர்கள் இப்படி மாறியிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இப்போது ஒப்புதலுக்கு அனுப்பும் கணத்திலேயே விலை, அளவு, வரி, சப்ளையரின் பெயர் ஆகியவை ஆர்டரின் சொந்தப் புலங்களில் நகலாகிப் பூட்டப்படுகின்றன. பிறகு யாரேனும் திருத்த வேண்டுமென்றால், ஒப்புதல் தானாக ரத்தாகி முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கும். பழைய மதிப்பும் திருத்தியவர் பெயரும் வரலாற்று அட்டவணையில் விழும். கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். கொள்முதல் அட்டவணைக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்துகிறதோ இல்லையோ, பணம் வெளியேறும் முடிவு இங்கேதான் பிறக்கிறது என்பதால் இங்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தொகை வரம்பிலும் ஒரு பாடம் கிடைத்தது. 25,000 ரூபாய் வரை பிரிவுத் தலைவர், அதற்கு மேல் இயக்குநர் என்று வைத்தோம். சில மாதங்களில் 24,000, 24,500 என்ற தொகைகளில் இன்டென்டுகள் பெருகின. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் இயக்குநருக்காகக் காத்திருக்க முடியாமல் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரே சப்ளையருக்கு ஏழு நாட்களில் எழுப்பிய இன்டென்டுகளின் கூட்டுத்தொகையை வைத்து வரம்பைச் சரிபார்க்கும்படி மாற்றினோம். கூடவே, இயக்குநர் 24 மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அவர் நியமித்த மாற்று நபருக்குச் செல்லும் வழியையும் சேர்த்தோம். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்திருந்தால் ஸ்டோரில் இருப்பவர்கள் வேறு குறுக்கு வழி தேடியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒப்புதல் திரையில் அதே பொருளின் கடைசி மூன்று கொள்முதல் விலைகளைக் காட்டுவதும் மிகவும் உதவுகிறது; கைபேசியில் பார்க்காமலே 'சம்மதம்' அழுத்துவது குறைந்து, "போன தடவை குறைவாக இருந்ததே?" என்ற கேள்வி வர ஆரம்பித்தது.

பயனர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சந்தா ஏறுவதால் ஸ்டோரில் மூன்று பேர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். யார் பதிந்தார் என்பது தெரியாத பதிவு எங்களுக்குப் பயன்படாது என்பதால், செலவு கூடினாலும் தனித்தனிக் கணக்கு வாங்கினோம். சனிக்கிழமைதோறும் எல்லா அட்டவணைகளையும் கோப்புகளாக இறக்கி எங்கள் கணினியில் வைக்கிறோம். ஆனால் படிநிலை விதிகள் அந்தக் கோப்பில் வருவதில்லை. ஆகவே அவற்றைத் தமிழில் எழுதி அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

டையிங்கிற்கு அனுப்பும் துணியை மட்டும் இன்னும் முழுமையாகக் கொண்டுவர இயலவில்லை. 500 கிலோ அனுப்பினால் அது இரண்டு மூன்று தவணைகளாகத் திரும்பும், சாயமேற்றுவதில் எடையும் மாறும், மறுசாயத்துக்குப் போன லாட் இடையில் வந்து கலக்கும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் கூலிக்கு வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி என்பதால் ஒவ்வொரு டிசியின் (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) நிலுவையும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். ஒரு டிசிக்குப் பல வரவு, ஒரு வரவுக்குப் பல டிசி என்ற உறவுக்கு நடுவே ஓர் இணைப்பு அட்டவணையை வைத்து, ஒரே ஒரு யூனிட்டில் இப்போது சோதித்து வருகிறோம். அங்கே துணிக் கணக்குப் பார்ப்பவர் தன் நோட்டிலும் எழுதுகிறார். மாதக் கடைசியில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். சென்ற மாதம் இரண்டு டிசிகளில் வித்தியாசம் வந்தது, இரண்டிலும் நோட்டுதான் சரியாக இருந்தது.