லூபெக் ரயிலுக்கு அந்நியரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்

ஜெர்மனியின் லூபெக் நகரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹாம்பர்க்கில்தான் ரயில் ஏறுவார்கள். முக்கால் மணி நேரப் பயணம். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில் ஏறும் முன்பே ஏமாற்றிவிட்டார்கள்.

டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்றபோது, நேர்த்தியாக உடுத்திய ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கையில், லூபெக் இருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் நாள் டிக்கெட். ஐந்து பேர் வரை அந்த மாநிலத்திலும் ஹாம்பர்க்கிலும் சாதாரண ரயில்களில் போகலாம். "எங்கள் பயணம் ரத்தாகிவிட்டது, 20 யூரோ கொடுத்தால் போதும்" என்றார். அப்படியொரு டிக்கெட் உண்மையிலேயே இருப்பதுதான் இந்த மோசடிக்குப் பலம். அன்றைய தேதி, அசல் அச்சு. பணம் கைமாறும்வரை அவருடைய கட்டைவிரல் டிக்கெட்டின் ஒரு மூலையை விட்டு நகரவேயில்லை.

அங்கே நடைமேடைக்குப் போகத் தடுப்பு எதுவும் கிடையாது. சோதனையெல்லாம் ஓடும் ரயிலில்தான். பரிசோதகர் டிக்கெட்டை வாங்கி, பேனா முனையை ஒரு கோட்டின் மேல் வைத்தார். நீல மையில் வேறு யாரோ ஒருவரின் பெயர். பயணிகள் அனைவரின் பெயரையும் அதில் எழுத வேண்டும். வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது. அபராதம் ஆளுக்கு 60 யூரோ, இருவருக்கும் 120. பரிசோதகர் மேல் தவறில்லை. ஆனால், "காசு கொடுத்துத்தானே வாங்கினோம், ஏன்டா எல்லோரும் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்?" என்று அம்மா கேட்டது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

லூபெக் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஹோல்ஸ்டன் வாயில் என்ற பழைய நகர வாசல். 1478-இல் கட்டி முடித்தது. இளகிய மண்ணில் இறங்கிச் சாய்ந்த இரட்டைக் கோபுரங்கள். இதைக் காட்டத்தான் அம்மாவை அவ்வளவு தூரம் அழைத்துப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மரியன்னை தேவாலயத்தில், 1942 குண்டுவீச்சில் கோபுரத்திலிருந்து விழுந்து உடைந்த மணிகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. அவற்றின் முன்னால் மட்டும் வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நிலையத்துக் கவுன்டரில் வாங்குங்கள். நாள் டிக்கெட் என்றால் ஏறும் முன்பே எல்லோர் பெயரையும் எழுதிவிடுங்கள். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் எப்போதுமே செல்லாது. யாராவது மலிவாக நீட்டினால், பெயர்க் கோடு காலியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.