கொமெடாவின் 'அஸ்டிக்மேட்டிக்' எல்.பி.: தாலாட்டை எதிர்பார்த்து வாங்காதீர்கள்

'ரோஸ்மேரிஸ் பேபி' படம் தொடங்கும்போது மியா ஃபாரோ 'லா லா' என்று முனகும் தாலாட்டு ஒன்று வரும், கேட்டிருப்பீர்கள். அதற்கு இசையமைத்த கிரிஸ்டோஃப் கொமெடாவின் பெயரைப் பார்த்துத்தான் 'அஸ்டிக்மேட்டிக்' என்ற இந்த ஜாஸ் இசைத்தட்டை வாங்கினேன். அந்த மாதிரி ஒரு மெட்டுகூட இதில் இல்லை, முதல் தடவை கேட்டபோது ஏமாந்துவிட்டோமோ என்றுதான் தோன்றியது.

மனிதர் போலந்துக்காரர், காது மூக்கு தொண்டை மருத்துவர். ஜாஸ் வாசிப்பது கூட வேலை செய்யும் டாக்டர்களுக்குத் தெரியக்கூடாது என்று வைத்துக்கொண்ட பெயர்தான் கொமெடா. 'ரோஸ்மேரிஸ் பேபி'யை இயக்கிய பொலான்ஸ்கியின் முதல் முழுநீளப் படமான 'நைஃப் இன் தி வாட்டர்' (1962) இவர் இசைதான். 1965 டிசம்பரில் வார்சாவில் பதிவான இந்தத் தட்டில் பியானோ கொமெடா, ட்ரம்பெட் தொமாஷ் ஸ்டான்கோ, சாக்சபோன் ஸ்பிக்னியெவ் நமிஸ்வொவ்ஸ்கி, பேஸ் வாசித்தவர் ஜெர்மானியர், டிரம்ஸ் ஸ்வீடன்காரர்.

மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, கிட்டத்தட்ட 23 நிமிடம். நாலாவது ஐந்தாவது தடவை கேட்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது: குழுத் தலைவர் கொமெடா, இசை இவருடையது, ஆனால் பியானோ முன்னால் வந்து நிற்பதே அரிது. ஸ்டான்கோ மனோதர்மமாக எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது கொமெடா கீழே இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) வைப்பார், அப்புறம் கையை எடுத்துவிடுவார், திரும்ப வருவாரா என்று நாம் காத்திருப்போம். நடிகர் பேசும்போது இசை ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஆள் ஜாஸ் வாசித்தால் இப்படித்தான் வரும் போல. எனக்கு இப்போது இந்தத் தட்டில் பிடித்ததே இவர் வாசிக்காமல் விடும் இடங்கள்தான்.

இனி தட்டைப் பற்றி. எனக்கு முதலில் வந்த பிரதியில் நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தது. டிரம்ஸில் இதெல்லாம் தெரியாது, பியானோவில் மறைக்கவே முடியாது: ஒரு ஸ்வரத்தை நீளமாக நிறுத்தினால் சுருதி தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி அலையும். விற்றவருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார், இரண்டாவது சுத்தமாக இருக்கிறது. பக்கத்துக்கு 23 நிமிடம் என்பதால் ஒலியளவு கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். உறைக் குறிப்புகளுக்காகத் தனியாக எதுவும் செலவழிக்க வேண்டாம்.

கொமெடா 1968 கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் விழுந்து தலையில் அடிபட்டு, 1969 ஏப்ரலில் வார்சாவில் இறந்துபோனார், 38 முடிய நாலே நாள் இருந்தது. ஹாலிவுட்டில் அப்போதுதான் காலூன்றியிருந்தார்.

சரி, சினிமா வழியாக இவரிடம் வருபவர்கள் முதல் பக்கத்தைப் போடாதீர்கள். திருப்பிப் போட்டு 'கட்டோர்னா'விலிருந்து தொடங்குங்கள். அது அதே பெயரில் 1965-இல் வந்த ஸ்வீடிஷ் படத்துக்குப் போட்ட மெட்டு, பெயருக்குப் 'பூனைகள்' என்று அர்த்தம், ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும்.